மீன் எண்ணெய் ஊற்றிய மிஷின்

நம் கம்பெனி புதிய ஆட்களுக்குக் கொடுக்கும் பயிற்சிப் புத்தகத்தின் பதினான்காம் பக்கம் பொய். அதை எழுதியவர் நம் மேனேஜர். தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதினார்.

அந்தப் பக்கம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எழுந்து நின்று படிக்கச் சொல்லியிருப்பார்கள். 'முன்பு ஒரு ஆபரேட்டர் அவசரப்பட்டு செயினை அளவுக்கு மீறி இறுக்கினார். செயின் அறுந்து வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். கவனக்குறைவுக்கு இது ஒரு பாடம்.' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மர டிப்போ கேட்டில் காக்கிச் சட்டையோடு நிற்கும் ஞானமுத்துவின் கையைப் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

நம் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார் செயலாளர். "ரிட்டயர் ஆய்ட்டீங்க மேஸ்திரி, புதுசா வந்தவங்களுக்கு நாலு நல்ல வார்த்த சொல்லுங்க" என்றார். எனக்கு நல்ல வார்த்தை வராது. மரம் அறுக்கிற செயின் ரம்ப மிஷினைப் பிரிக்கவும் மாட்டவும் வரும், அவ்வளவுதான். ஆகவே எனக்குத் தெரிந்த எண்ணெயைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு அந்தப் பதினான்காம் பக்கத்தை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த மிஷினுக்கு இரண்டு எண்ணெய் வேண்டும். ஒன்று பெட்ரோலில் கலந்து இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது அதுதான். இன்னொன்று தனித் தொட்டியிலிருந்து சிறு துளை வழியாக வந்து, பல் வைத்த செயினும் அது சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையும் தேயாமல் காக்கும். முதல் எண்ணெய் மிச்சமில்லாமல் எரிய வேண்டும். இரண்டாவது எண்ணெய் வேகத்தில் தெறித்துப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் எண்ணெய்தானே என்று நினைக்கிறவன் இந்த வேலைக்கு வேண்டாம். நானே ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

எழுபதுகளின் நடுவில் கம்பெனிக்கு முதல் இரண்டு மிஷின்கள் வந்தன. அதுவரை பெரிய கை ரம்பம்தான், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். அறுத்த மரத்தில் நல்லது பலகைக்குப் போகும், மற்றது ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளின் பாய்லருக்கு விறகாகப் போகும். மிஷின் வந்த புதிதில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் தீர்ந்துபோனபோது லாரிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலை பெட்ரோலில் கலந்தேன். கெட்டியாக இருக்கிறதே, இன்ஜினுக்கு இன்னும் நல்லது என்று எனக்குள் ஒரு கணக்கு. ஒரே வாரத்தில் பிளக் கரியடைந்தது, புகை போகும் துளை பாதி மூடியது, மிஷின் இருமியது. லாரி ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைப் பிரித்துச் சுரண்டிச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. யாரும் திட்டவில்லை. ஏனென்றால் தப்பு என்று கண்டுபிடிக்கக்கூடிய ஆள் என்னைத் தவிர அங்கே யாருமில்லை. மெக்கானிக்குக்கு இது பெரிய ஆபத்து. உங்கள் தப்பை இன்னொருவன் பார்க்க முடியாத இடத்தில் நீங்கள் இருந்தால், இரண்டு மடங்கு சந்தேகத்தோடு இருங்கள்.

அந்த வருஷம்தான் ஞானமுத்து வேலைக்கு வந்தார். பள்ளிகொண்டா பக்கத்து ஆள். அப்போது அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எழுதும்போது அப்படி வரவில்லை.

எண்ணெய் கலந்த பெட்ரோலும் கலக்காத பெட்ரோலும் கேனில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கலந்து முடித்தவன் கேனின் கைப்பிடியில் ஒரு தோல் வாரைக் கட்ட வேண்டும். நம் ஊரில் தோல் துண்டுக்கா பஞ்சம். கேன் காலியானதும் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு நாள் காலையில் வாரை அவிழ்க்காத கேனில் யாரோ வெறும் பெட்ரோலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வார் இருந்ததால் கலந்தாயிற்று என்று ஞானமுத்து ஊற்றி மிஷினைக் கிளப்பினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார்.

"இன்னாடா?" என்றேன்.

"பொகை பத்தலண்ணே."

பக்கத்தில் நின்ற கோடாலி ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர், "பொகை இல்லன்னா நல்லதுதானய்யா, உனுக்கு பீடி வேணா குடுக்கட்டா?" என்றார்.

ஞானமுத்து சிரிக்கவில்லை. "நேத்து இந்நேரத்துக்கு கண்ணு எரிஞ்சுது. இன்னிக்கி எரில. மோந்து பாருங்கண்ணே" என்றார்.

கேனிலிருந்து ஒரு துளியைக் காகிதத்தில் விட்டேன். எண்ணெய் கலந்திருந்தால் பெட்ரோல் காய்ந்த பிறகு ஒரு வட்டம் பிசுபிசுவென்று நிற்கும். ஒன்றும் நிற்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் பிஸ்டன் இறுகி, மிஷின் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். அப்போது மேனேஜர் எல்லார் முன்னாலும் ஞானமுத்துவின் தோளில் கை போட்டு, "இவன மாதிரி பத்து பேர் இருந்தா நான் வூட்ல தூங்குவேன்" என்றார். நான் காதால் கேட்டது இது. கவனக்குறைவு என்று எழுதிய கையும் இந்த வாயும் ஒரே ஆளுடையவை.

இனி செயின் எண்ணெய்க்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தினார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை இரண்டு பக்கமும் நின்ற புளிய மரங்களில் ஒரு பகுதியை வெட்டும் வேலை நம் கம்பெனிக்கு வந்தது. புளிய மரம் எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயின் எண்ணெய் மெட்ராஸிலிருந்து டிரம்மில் வரும். அந்த வருஷம் வரவில்லை. சப்ளையர் ஒரு காரணம் சொன்னான், லாரி ஆபீஸ்காரன் வேறொரு காரணம் சொன்னான். இருந்தது தீர்ந்துகொண்டே வந்தது.

முதலில் லாரி ஒர்க்ஷாப்பில் வடித்துப்போடும் கருப்பு எண்ணெயை ஊற்றலாம் என்று பேச்சு வந்தது. நான் முடியாது என்றேன். பழைய இன்ஜின் எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கும். அது செயினைக் காப்பாற்றாது, அரம் போட்டுத் தேய்க்கும். ஆபரேட்டர் மேலெல்லாம் தெறித்துத் தோலில் புண் வரும். இன்றைக்கும் சில இடங்களில் அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஊற்றச் சொல்பவரிடம் அதை அவர் கையில் ஒரு வாரம் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேனேஜருக்கு எரிச்சல். "ஆம்பூர் பக்கத்துல குந்திக்கினு எண்ணெக்கு மெட்ராஸ் போவணுமா? எந்த ஷாப்புக்குள்ள போனாலும் டிரம் டிரம்மா நிக்கிது" என்றார்.

மறுநாள் ஒரு டின் மீன் எண்ணெய் கொண்டுவந்தார். தோலைப் பதப்படுத்தும்போது தோல் மெத்தென்று இருக்கத் தடவுகிற எண்ணெய் அது. இந்தத் தப்பு வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. வேறு ஊரில் எவன் கையிலும் டின் கணக்கில் மீன் எண்ணெய் இருக்காது.

நான் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இழுத்தால் நூல் போல வந்தது. மெட்ராஸ் எண்ணெயைவிட நன்றாக ஒட்டியது. ஒரு மிஷினில் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். அவ்வப்போது நிறுத்திப் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு கம்மி. செயின் வழுக்கிக்கொண்டு ஓடியது. சாயங்காலம் மேனேஜரிடம் போய், "தாராளமா ஊத்தலாம் சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நாற்றம் மட்டும்தான் பேஜார். பூனைகள் மிஷினைச் சுற்றி வந்தன. ஞானமுத்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "மீன் கூடைய கீழ எறக்கு, அப்பறம் ஏறு" என்றாராம். "கூடை இல்லண்ணே, நான்தான்" என்று ஞானமுத்து சொன்னாராம். பத்து நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பத்து நாளும் மிஷின் ஒழுங்காக ஓடியது. பிறகு பொங்கல் வந்தது. நாலு நாள் லீவு.

லீவு முடிந்து ரோட்டுக்குப் போனபோது, செயின் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலின் கட்டைக் கைப்பிடியால் தட்டித்தான் பிரித்தேன். எண்ணெய் இருந்த இடமெல்லாம் பழுப்பாக, வார்னிஷ் அடித்ததுபோல் இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் வெளியே தெரிந்ததைத் துடைத்தேன். செயினைக் கையால் நாலு சுற்று இழுத்துவிட்டேன். ஓடியது.

அன்று வெட்ட வேண்டிய மரம் ரோட்டின் மேல் சாய்ந்து நின்ற பெரிய புளி. அதற்காகப் போலீஸ் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. பஸ், லாரி, தோல் ஏற்றிய மாட்டு வண்டி எல்லாம் வரிசை கட்டி நின்றன. கண்டக்டர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

செயினுக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வெளுப்பான எதற்காவது நேராகப் பட்டையின் முனையைப் பிடித்து மிஷினை முறுக்க வேண்டும். எண்ணெய் தெறித்து ஒரு கோடு விழும். ரோட்டு மரங்களுக்குத்தான் இடுப்பில் சுண்ணாம்பு அடித்திருப்பார்களே, ஞானமுத்து அதன் முன் பிடித்து முறுக்கினார். கோடு விழவில்லை.

"எண்ணெ வரலண்ணே" என்றார்.

நான் மிஷினை வாங்கிப் பட்டையைக் கழற்றி, எண்ணெய் வரும் துளையை ஒரு கம்பியால் குத்தினேன். மறுபடி மாட்டி முறுக்கினேன். லேசாக ஒரு கோடு விழுந்தது. "வருது பாரு" என்றேன்.

அவர் அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது அடைச்சிக்கினு இருந்தது வெளிய வந்துதுண்ணே. உள்ள பம்பும் இப்டித்தான ஒட்டியிருக்கும்? அரை நாள் குடுங்க, மொத்தமா பிரிச்சி மண்ணெண்ணெல கழுவிடலாம். வண்டிங்கள விட்டுடச் சொல்லுங்க, மத்தியானம் மரத்த எறக்கலாம்" என்றார்.

ஜீப்பில் உட்கார்ந்திருந்த மேனேஜர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இறங்கி வந்தார்.

"ரெண்டு பக்கமும் ஊரே நிக்கிது. இப்ப போயி கழுவணும்றியா?"

"அரை நாள்தான் சார்."

"கோடு விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சி சார். ஆனா..."

"அப்றம் இன்னா ஆனா?"

ஞானமுத்து என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க ஓட்டலாம்னா ஓட்றேன்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் நான் மிஷினைப் பார்க்கவில்லை, பஸ்களைப் பார்த்தேன். ஹாரன் அடித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் தலையை நீட்டி, நாங்கள் ஏன் சும்மா நிற்கிறோம் என்று பார்த்தார்கள். மீன் எண்ணெய் சரி என்று சொன்னவன் நான். இப்போது கழுவ வேண்டும் என்றால், இரண்டு வாரத்துக்கு முன் சொன்னது தப்பு என்று மேனேஜர் முன்னால், அந்தக் கூட்டத்தின் முன்னால் ஆகிவிடும். இதெல்லாம் மனதில் ஓடியதா என்று கேட்டால், வார்த்தையாக ஓடவில்லை. ஆனால் வாயில் வந்தது அதிலிருந்துதான்.

"ஓட்டு" என்றேன்.

அவர் ஓட்டினார். பாதி மரம் போனபோது செயின் சூட்டில் நீண்டு தொங்கியது. நிறுத்தி, அளவாக இறுக்கினார். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவுதான். மறுபடி அறுத்தார். பட்டையிலிருந்து புகை வந்தது. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல நினைத்தேன். மரம் சாயத் தொடங்கியிருந்ததால் அந்த நேரத்தில் நிறுத்துவதும் ஆபத்து. அதற்குள் செயின் அறுந்து பின்னால் அடித்தது. வலது கையில் சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் போயின. அந்தக் காலத்து மிஷினில் இப்போது இருப்பதுபோல் கைக்குக் காப்பு கிடையாது.

ஜீப்பில் அவரை வேலூருக்கு அனுப்பினோம். ஜீப் போனதும் மேனேஜர், போலீஸ்காரரும் ரோட்டு ஆபீசரும் பார்க்கும்படி மிஷினைத் தூக்கி வைத்து எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"பாருங்க சார். கழுத்து வரைக்கும் எண்ணெ இருக்குது. எண்ணெ இல்லாம ஓட்டுனோம்னு எவனும் சொல்ல முடியாது."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு நான் இன்னொரு மூடியைத் திறந்தேன். பெட்ரோல் தொட்டியில் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு தொட்டியையும் நிரப்பித்தான் மிஷினைக் கிளப்பியிருந்தோம்.

தம்பிகளே, உங்களுக்கு இது தெரியும், தெரியாவிட்டால் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். இந்த மிஷினில் இரண்டு தொட்டியும் ஏறக்குறைய ஒன்றாகக் காலியாகும்படிதான் செய்திருக்கிறான். ஒரு தொட்டி பெட்ரோல் தீர்ந்தால் எண்ணெயும் அடிக்கு வந்திருக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்து எண்ணெய் அப்படியே நின்றால், ஒரு சொட்டுகூட செயினுக்குப் போகவில்லை என்று அர்த்தம். மேனேஜர் எல்லாருக்கும் காட்டிய அந்த நிறைந்த தொட்டிதான் ஞானமுத்து மேல் தப்பில்லை என்பதற்கு ஆதாரம். அந்த ரோட்டில் அது எனக்குத் தெரிந்தது. மேனேஜரும் இரண்டு மூடியும் திறந்திருந்ததைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். மூடியை மூடினார்.

மறுநாள் ஆம்பூருக்குப் போய் வஹாப் பாயைப் பார்த்தேன். தோல் ஷாப்பில் எண்ணெய் ஏற்றும் வேலையில் இருபது வருஷம் இருந்தவர். பழுப்பேறிய பம்பை அவர் கையில் கொடுத்தேன். நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, இத்தப் போயி மிஷின்ல ஊத்துனீங்களா?"

"நல்லா ஒட்டுச்சே பாய்."

"ஒட்டும். ஒட்டிக்கினு காயும். நாங்க காயணும்னுதான ஊத்துறோம்? தோலுக்குள்ள எறங்கி, காத்து பட்டு, தோலோட தோலா ஆவணும். அப்பதான் தண்ணில போட்டாலும் வுடாது. என்னிய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அஞ்சு மைல்ல இருக்கீங்க."

கேட்கவில்லை. எண்ணெய் விஷயத்தில் மெக்கானிக்குக்குத் தெரியாதது தோல் ஷாப்காரனுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். ஓடுகிற மிஷினில் ஒரு நாள் சோதித்தேன். நிற்கிற மிஷினில் அந்த எண்ணெய் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. புதிய எண்ணெய் எது வந்தாலும், ஒரு தகட்டில் தடவி வெளியில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு மிஷினில் ஊற்றுங்கள். நாற்பத்தைந்து வயதில் நான் கற்ற பாடம் இது, விரல் போனது இன்னொருவருக்கு.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். ரிப்போர்ட் டைப் ஆகியிருந்தது. தொட்டியில் எண்ணெய் நிரம்பியிருந்தது, மிஷின் நல்ல நிலையில் இருந்தது, ஆபரேட்டர் செயினை அளவுக்கு மீறி இறுக்கியதால் அறுந்தது என்று மூன்று வரி. கீழே மெக்கானிக் கையெழுத்துப் போட இடம்.

"சார், அவன் அரை நாள் கேட்டான். உங்க முன்னாடிதான் கேட்டான்" என்றேன்.

"கேட்டான். ஓட்டுன்னு சொன்னது யாரு? மீன் எண்ணெ சரின்னு சொன்னது யாரு?"

பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"யாரு பேராச்சும் எழுதித்தான் ஆவணும் மேஸ்திரி. உங்க பேர எழுதட்டா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பெயரையும் எழுதலாமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கும் ஞானமுத்துவுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், நான் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று வரிதான் பின்னால் உங்கள் பதினான்காம் பக்கம் ஆனது.

ஞானமுத்து இரண்டு மாதம் கழித்து வந்தார். கையில் கட்டு இருந்தது. மிஷின் கொடுக்க முடியாது, கேட்டில் நில் என்றார்கள். ஒர்க்ஷாப்புக்கு வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணே, அன்னிக்கி எண்ணெ எவ்ளோ மிச்சம் இருந்துச்சி?"

நல்ல ஆபரேட்டர் கேட்கிற கேள்வி. பதில் தெரிந்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"பாக்கலப்பா" என்றேன்.

"சரிண்ணே" என்று போய்விட்டார். அதன் பிறகு எத்தனையோ வருஷம் தினமும் காலையில் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். தினமும் அவர் வணக்கம் சொன்னார். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் பதிலைச் சொல்லவில்லை.

மிஷினோடு வெளியே போகிற ஒவ்வொருவரையும் ஞானமுத்து கேட் தூண் முன்னால் நிறுத்தி முறுக்கிக் காட்டச் சொல்வது உங்களுக்குத் தெரியும். வெள்ளையடித்த தூணில் எண்ணெய்க் கோடு விழுந்தால்தான் கேட்டைத் திறப்பார். அது அவர் வேலை இல்லை, யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை. தூண் அழுக்காகிறது என்று மேனேஜர் இரண்டு முறை திட்டினார். ஞானமுத்து, "நானே வெள்ளையடிச்சிட்றேன் சார்" என்றார், அடித்தார், மறுநாள் மறுபடியும் கோடு போடச் சொன்னார். அவர் கேட்டுக்கு வந்த பிறகு நம் டிப்போவில் எண்ணெய் வராமல் ஒரு செயின்கூட அறுந்ததில்லை.

போன மாதம் பென்ஷன் காகிதத்துக்காக டிப்போவுக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் மிஷினோடு கேட்டுக்கு வந்தார். பெயரை எழுதமாட்டேன். ஞானமுத்து தூணைக் காட்டினார். அதற்கு அந்தத் தம்பி, "தோ பார்றா. டைட் பண்ணி டைட் பண்ணி வெரல வுட்டவரு நமக்குக் கத்துக் குடுக்கறாரு. பதினாலாம் பக்கம் படிச்சிருக்கோம்ண்ணே" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஞானமுத்து, "படிச்சது சரி. கோடு போட்டுட்டுப் போ" என்றார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அச்சில் இருந்ததை நம்பினார். அச்சில் இருந்தது என் கையெழுத்து. அன்று நான் ஞானமுத்துவிடம் போய்த் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார்.

"அப்பவே நெனச்சேண்ணே" என்றார். பிறகு, "என்கிட்ட சொன்னா எப்டி? எனக்குத்தான் தெரியுமே. படிக்கறானுங்களே, அவனுங்கட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். மீன் எண்ணெய் சரி என்றது நான். ஓட்டு என்றது நான். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டதும் நான். கம்பெனி இதற்காக என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஞானமுத்து செயினை அளவாகத்தான் இறுக்கினார். அரை நாள் கேட்டார். கொடுக்கவில்லை.

மேனேஜர் சார், பயிற்சிப் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். வருகிற ஆயுத பூஜையன்று ஷெட்டில் மிஷின்களை வரிசையாக வைத்துப் பொட்டு வைத்த பிறகு, வழக்கம்போல் நீங்கள் மைக்கைப் பிடித்துப் பேசுவீர்கள். பழைய ஆள், புதிய ஆள், கோடாலி ஆள், லாரி டிரைவர் எல்லாரும் நிற்பார்கள். நானும் வருவேன். ஞானமுத்து அன்று கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து முன்வரிசையில் நிற்பார். தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், கடிதமும் வேண்டாம். அந்த மைக்கிலேயே, அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பெட்ரோல் தீர்ந்த மிஷினில் எண்ணெய் ஏன் கழுத்து வரை நின்றது?